மேற்றன் அக்கா பதில்கள்: றங்குப்பெட்டியும் திறப்பும்

புலமைப்பரிசில் பெறுபேறு வந்து ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிற காலம் வந்துவிட்டால், எனக்கு வருகிற கடிதங்களில் பாதி விடுதியைப் பற்றியதாகத்தான் இருக்கும். இந்த மாதம் முழுவதுமே அதுதான். சமையல் குறிப்புக் கேட்ட இரண்டு பேர் கோபிக்கக்கூடாது, கணவாய்க் கறி அடுத்த இதழில் வரும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மண்டூர்ப் பிள்ளை. பதினொரு வயதில் குருமண்வெளித் துறைக்குப் 'பாதை' என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து, மட்டக்களப்பில் ஒரு பெண்கள் விடுதிக்குப் படிக்க வந்தேன். அங்கே எட்டு வருடம். பிறகு வேறொரு விடுதியில் இருபத்தொன்பது வருடம் மேற்றன், அதாவது விடுதிப் பிள்ளைகளைப் பார்க்கிற பொறுப்பாளர். இரண்டின் பெயரையும் எழுதமாட்டேன். கீழே வருகிற பிழைகளில் பாதி என்னுடையவை, அதற்கு விடுதியின் பெயர் எதற்கு?

கேள்வி: மகள் நகரத்துப் பாடசாலை ஒன்றில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். விடுதியில் கொண்டுவரச் சொல்லித் தந்த பட்டியலில் 31 சாமான் இருக்கிறது. இவருக்குக் கூலி வேலை. எல்லாம் கட்டாயமா? எதை முதலில் வாங்க வேண்டும்?
– ஒரு தாய், வெல்லாவெளி

பதில்: தங்கச்சி, 31 சாமானையும் ஒரே நாளில் வாங்கப் போகாதீர்கள். அந்தப் பட்டியல் எந்தக் காலத்திலோ யாரோ எழுதி, வருடா வருடம் போட்டோக் கொப்பி அடித்துக் கொடுப்பது. நாங்கள் கொடுத்த பட்டியலில் 'மைப்போத்தல்' என்று 2003 வரைக்கும் இருந்தது. ஒரு தகப்பன் நாலு கடை ஏறி இறங்கித் தேடி வாங்கிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் நான் அதை வெட்டினேன்.

முதலில் றங்குப்பெட்டிக்குப் பூட்டு. இரண்டு திறப்புள்ள பூட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு திறப்பு மகளிடம், மற்றது உறையில் போட்டுப் பெயரெழுதி மேற்றனிடம். கழுத்தில் நூலில் கட்டித் தொங்கவிட வேண்டாம், கிணற்றடியில் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். சட்டைப் பையின் உட்பக்கம் ஊசி குத்தி மாட்டப் பழக்குங்கள்.

அடுத்தது வாளியும் கப்பும். மூடியுள்ள வாளி நல்லது. ஆனால் தண்ணீர் நிரப்பிக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைக்கக்கூடாது என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். டெங்கு நுளம்பு முட்டையிட்டு, அது பறக்கிற நுளம்பாக வருவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். அது கடிப்பதும் பெரும்பாலும் பகலில்தான், ஆகவே நுளம்பு வலையை மட்டும் நம்பிப் பயனில்லை. வலையும் வேண்டும், கவிழ்த்து வைத்த வாளியும் வேண்டும்.

உள்ளாடை பட்டியலில் நாலு என்று இருக்கும். எட்டாகக் கொடுங்கள். நமக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தை வரைக்கும்தான். மார்கழியில் ஐம்பது பிள்ளைகளின் உடுப்பு ஒரே கொடியில் கிடந்தால் மூன்று நாளானாலும் காயாது. ஈர உடுப்பைப் போட்டுக்கொண்டு போய் இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை வந்து சொறிகிற பிள்ளைகளை ஒவ்வொரு மாரியிலும் பார்த்திருக்கிறேன். வெட்கத்தில் சொல்லவும் மாட்டார்கள். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மற்ற 'அலங்காரத் துவாய்', 'மேசை விரிப்பு' இவற்றில் பிடியுங்கள்.

பெயர் எழுதுவதற்கு மார்க்கர் பேனை வாங்காதீர்கள். சவர்க்காரத்துக்கும் வெயிலுக்கும் ஒரு மாதம் நிற்காது. சிவப்பு நூலால் கழுத்துப் பட்டியின் உட்பக்கம் இரண்டு எழுத்துத் தையுங்கள். அதையும் மகளையே பக்கத்தில் இருத்தித் தைக்க வையுங்கள், கோணலாக வந்தாலும் பரவாயில்லை. என்ட அம்மா தைத்துத் தந்த எழுத்தில் ஒன்று தலைகீழாக இருந்தது. எட்டு வருடமும் என் உடுப்பை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தது அதனால்தான்.

பட்டியலில் இல்லாத ஒன்று: மாதவிடாய்க்கு வைக்கிற பாட் ஒரு பக்கெட். மகள் இன்னும் பெரியபிள்ளை ஆகவில்லை, ஏன் இப்போதே என்று கேட்பீர்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையாகி இரண்டு நாள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. உள்பாவாடையைச் சுருட்டி மெத்தைக்குக் கீழே ஒளித்துவிட்டாள். அறை கூட்டும்போது இன்னொரு பிள்ளை இழுத்தெடுத்து எல்லாருக்கும் முன்னால் தூக்கிக் காட்டினாள். விசயம் அறையோடு நிற்கவில்லை. பிறகு நான் கூப்பிட்டுக் கேட்டபோது அவள் சொன்னது: "அம்மா என்னத்தையாவது சொல்லித் தந்திருந்தா சொல்லியிருப்பன் மிஸ். எனக்கு வருத்தம் வந்து சாகப்போறன் எண்டு நினைச்சன்." ஆகவே பக்கெட்டோடு விளக்கத்தையும் கொடுத்து அனுப்புங்கள். அப்படி ஆனால் யாருக்கு முதலில் போன் எடுக்க வேண்டும், உங்கள் வீட்டுச் சடங்கு முறை என்ன, பிள்ளையைக் கூட்டிப்போக யார் வருவார் என்பதையும் மேற்றனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேள்வி: எனக்கு 15 வயது. விடுதியில் காலை 4.30க்கு மணியடித்து எழுப்புகிறார்கள். இரவு 10.30க்குத்தான் லைற் அணைப்பார்கள். மூன்றாம் பாடத்தில் தூங்கி விழுகிறேன். சோம்பேறி என்று சேர் எழுப்பி நிற்க வைக்கிறார். விடுதிச் சட்டத்தை மாற்றக் கேட்கலாமா?
– பெயர் போட வேண்டாம், திருக்கோவில்

பதில்: மகன், நீ சோம்பேறி இல்லை. 10.30 இலிருந்து 4.30 வரை ஆறு மணித்தியாலம். உன் வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளையையும் உயர்தரப் பிள்ளையையும் ஒரே மணிக்கு எழுப்புகிற விடுதிகள்தான் கூட.

எங்கள் விடுதியில் மணி என்று சொல்வது ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு. மாமரத்தில் கம்பியில் தொங்கும், பக்கத்தில் ஒரு போல்ற் ஆணி. 4.30க்கு அதை அடித்தால் வாவிக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். நான் வந்து பத்து வருடம் அதை அடித்தேன், ஏன் 4.30 என்று நினைத்தும் பார்க்கவில்லை. விடியப் படித்தால் மனதில் நிற்கும், அதற்காகத்தான் என்று நானும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

ஒரு நாள் உயர்தரக் கணிதப் பிள்ளை ஒருத்தி கொப்பித் தாளில் ஒரு கணக்கைக் கொண்டு வந்து தந்தாள். பிள்ளைகள் 62. குளியலறை 6. ஒரு சுற்றுக்கு ஆறு பேர், 62 பேருக்குப் பதினொரு சுற்று. ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் 88 நிமிடம். 4.30க்குத் தொடங்கினால் 5.58க்கு முடியும், ஆறு மணிக்குப் பிரார்த்தனை. "மிஸ், இந்த மணி படிப்புக்கில்லை, தண்ணிக்கு," என்றாள். பாதிப் பேர் பின்னேரம் விளையாடி முடித்துக் குளித்தால், காலையில் 31 பேர், ஆறு சுற்று, 48 நிமிடம். 5.10க்கு எழும்பினாலும் அதே 5.58.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, சொல்லத்தான் வேண்டும். ஒரு கிழமை அந்தத் தாளை மேசை லாச்சியில் வைத்திருந்தேன். பிறகு அதிபரிடம் கொண்டுபோனேன். சிறிய வகுப்புகளுக்கு இரவு 9 மணி, மற்றவர்களுக்கு 9.45, காலை 5.10 என்று மாற்றினோம். பெரிய பிள்ளைகளுக்கு அப்போதும் எட்டு மணித்தியாலம் வரவில்லை. ஆனால் வகுப்பில் தூங்கி விழுகிறார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது பாதியாகக் குறைந்தது.

நீயும் அப்படிச் செய். மாற்றுங்கள் என்று மனு எழுதினால் வாயாடி என்று வைத்துவிடுவார்கள். உங்கள் விடுதியில் எத்தனை பேர், எத்தனை குழாய், எத்தனை கழிப்பறை என்று எண்ணி ஒரு தாளில் எழுது. யார் பின்னேரம் குளிக்கச் சம்மதம் என்று கையெழுத்தும் வாங்கு. வார்டனுக்கு நேரமுள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கொண்டுபோ. அவரும் ஒரு கிழமை லாச்சியில் வைத்திருப்பார், பொறு.

கேள்வி: மகனுக்குக் கருவாட்டுப் பொரியல் இல்லாமல் சோறு இறங்காது. போத்தலில் போட்டுக் கொடுத்தால் வார்டன் திருப்பி அனுப்புகிறார். இது என்ன சட்டம்?
– ஒரு தகப்பன், பொத்துவில்

பதில்: எறும்புச் சட்டம். எலிச் சட்டம். அதற்கு மேலே, பக்கத்துக் கட்டில் பிள்ளையின் வாயூறுகிற சட்டம். படுவான்கரையிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்குத் தாய் அன்பாகச் சட்டியோடு எருமைத் தயிர் கொடுத்துவிட்டாள். எனக்குப் பயந்து அது கட்டிலுக்குக் கீழே றங்குப்பெட்டிக்குப் பின்னால் போனது. மூன்றாம் நாள் அந்தச் சட்டியைத் திறந்தவள் நான். மிச்சத்தை எழுதவேண்டாம், நீங்கள் சோற்றுக்கு முன்னால் இருந்து வாசிக்கக்கூடும்.

அதற்குப் பிறகு சாப்பாட்டறையில் வலைக் கதவு போட்ட ஒரு அலுமாரி வைத்தோம். வீட்டுச் சாப்பாடு எல்லாம் அதற்குள், பெயரும் திகதியும் ஒட்டி. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எடுக்கலாம், எடுத்தால் மேசைக்குப் பகிரவேண்டும். வார்டனிடம் அப்படியொன்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் ஒரு போத்தல் போதாது, மேசைக் கணக்குக்குக் கொடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 11 வயது. இரவில் இன்னும் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை பாயில் சலம் (சிறுநீர்) போகிறது. விடுதிக்கு அனுப்பலாமா? மேற்றனிடம் சொல்லவேண்டாம் என்று காலைப் பிடித்து அழுகிறாள்.
– பெயர் வேண்டாம், பட்டிப்பளை

பதில்: இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை வாசித்தேன். பதிலுக்கு முன்னால் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லவேண்டும்.

நான் மேற்றனாக வந்தபோது விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. பாயில் போன பிள்ளை விடிய மணியடித்ததும் தன் பாயைத் தானே சுருட்டித் தூக்கிக்கொண்டு, குளிக்க வரிசையில் நிற்கிற எல்லாரையும் தாண்டிக் கிணற்றடிக்குப் போய்க் கழுவவேண்டும். வெட்கம் வந்தால் நின்றுவிடும் என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் நடத்தினேன், நாலு வருடம்.

ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை. கெட்டிக்காரி, நன்றாகப் பாடுவாள். ஒரு இரவு இரண்டு மணிபோல டோர்ச் அடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தேன். கட்டிலில் ஆளில்லை. அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் நிலத்தில் குந்தியிருந்து, தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். படுத்தால் போய்விடும் என்று படுக்காமலே இருந்திருக்கிறாள், எத்தனை நாளாக என்று தெரியாது. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. அந்தக் கிழமையே காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சலத்தில் கிருமி. "பிள்ளை தண்ணி குடிக்கிறதில்லையா? விடுதியில தண்ணி இல்லையா?" என்று டொக்டர் என்னைத்தான் கேட்டார். தண்ணீர் இருந்தது. என்ன பதில் சொல்ல?

அந்த டொக்டர் அரை மணித்தியாலம் இருந்து விளக்கினார். பத்து வயதில் நூறு பிள்ளைக்கு ஐந்து பேர் அளவில் இப்படி இருப்பார்கள். சோம்பலும் இல்லை, வளர்ப்பும் இல்லை. இரவில் சலத்தைக் குறைக்கிற சுரப்பு சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் சீராகும். சிலருக்குச் சலப்பை நிரம்பிய செய்தி தூக்கத்தை எழுப்பாது. மலச்சிக்கல் இருந்தால் இன்னும் கூடும். தாய் தகப்பனுக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வருவதும் சாதாரணம். உங்கள் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே நிற்காமல் இருக்கிறதா, அல்லது நின்று ஆறு மாதத்துக்கு மேல் ஆன பிறகு திரும்பத் தொடங்கியதா என்று பாருங்கள். திரும்பத் தொடங்கியது என்றால் தாமதிக்காமல் காட்டவேண்டும். சலக்கிருமி, சலரோகம் (நீரிழிவு) அல்லது மனதில் ஏதோ ஒரு பயம் காரணமாக இருக்கலாம். எப்படியென்றாலும் விடுதிக்கு அனுப்புமுன் வைத்தியரிடம் ஒரு தடவை கூட்டிப்போங்கள். ஈரம் பட்டதும் அடித்து எழுப்புகிற கருவி இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. எது சரி என்று அவர் சொல்லட்டும். பகலில் தண்ணீர் நன்றாகக் குடிக்கவேண்டும், படுக்க முன் ஒரு மணித்தியாலம் மட்டும் குறைத்தால் போதும்.

விடுதியில் பிறகு நான் செய்தது இவ்வளவுதான். மெத்தைகளில் பன்னிரண்டுக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டேன். யாருடையது எதற்கு என்று தெரியாமல் இருக்க, தேவையில்லாத பிள்ளைகளின் மெத்தைக்கும் சேர்த்து. நடைபாதை மூலையில் இருந்த அலுமாரியைப் பூட்டாமல் விட்டு அதில் மாற்று விரிப்பு வைத்தேன். பக்கத்தில் மூடியுள்ள நீல வாளி. ஈரமானதை வாளிக்குள் போட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொண்டு போகலாம். கேட்கத் தேவையில்லை, எழுதத் தேவையில்லை. முதல் மாதம் வாளி நிரம்பியது. நாலு பேர் என்று நான் நினைத்திருந்தேன், ஒன்பது பேர் இருந்திருக்கிறார்கள். ஐந்து பேர் எனக்குத் தெரியாமல் ஈரத்திலேயே படுத்து, ஈரத்தையே மடித்து வைத்திருக்கிறார்கள்.

பிள்ளையை ஒளிக்கப் பழக்குகிற சட்டம் எதுவாக இருந்தாலும் அதில் பிழை இருக்கிறது என்று நான் நினைக்கத் தொடங்கியது அந்த நீல வாளியிலிருந்துதான்.

ஆகவே அனுப்புங்கள், ஆனால் சொல்லி அனுப்புங்கள். மகளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டாம். அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இப்படி ஒன்று இருக்கு மிஸ், வைத்தியரிடம் காட்டுறம், மாற்று விரிப்பு எங்க வைக்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள். மேற்றனின் முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். சுளித்தால் வேறு விடுதி பாருங்கள்.

கேள்வி: மகள் லீவில் வந்தபோது விரல் இடுக்கெல்லாம் சொறி. மருந்து பூசி அனுப்பினோம், திரும்பவும் அதே சொறி. வீட்டில்தான் துப்புரவில்லை என்கிறது விடுதி.
– களுவாஞ்சிகுடி

பதில்: துப்புரவுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை, இது ஒரு பூச்சி. இரவில்தான் அதிகமாகச் சொறிகிறது, விரலிடுக்கு, மணிக்கட்டு என்றால் பெரும்பாலும் அதுதான். உங்கள் பிள்ளை மட்டும் மருந்து பூசி அதே அறைக்குத் திரும்பினால் திரும்பத்தான் வரும். அறையில் உள்ள எல்லாரும், சொறி இல்லாதவர்களும், ஒரே இரவில் பூசவேண்டும். வைத்தியர் தருகிற மருந்தைக் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை பூசி, சொன்ன நேரத்துக்குப் பிறகு கழுவி, ஒரு கிழமையில் மறுபடியும். அன்றைக்கே உடுப்பு, விரிப்பு எல்லாம் சுடுநீரில். தோய்க்க முடியாததை உரப்பையில் வாய்கட்டி மூன்று நான்கு நாள் வைத்தால் பூச்சி தானே சாகும். மருந்து பூசிய பிறகும் இரண்டு மூன்று கிழமை கடி இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து திரும்பத் திரும்பப் பூசாதீர்கள். விடுதி ஒத்துவராவிட்டால் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள், வந்து பார்ப்பார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் உயர்தர விஞ்ஞானத்துக்கு வசதி குறைவு. தமிழ்ப் பிள்ளைகள் அதிகமாக உள்ள ஒரு விடுதியில் மகளைச் சேர்க்க நினைக்கிறோம். நோன்பு, சாப்பாடு, தொழுகைதான் யோசனை. அவட உம்மா சம்மதிக்கிறா இல்லை.
– ஒரு வாப்பா, அக்கரைப்பற்று

பதில்: தம்பி, உம்மாவின் யோசனை சரியான யோசனை. போய்ப் பார்த்து மூன்று விசயம் கேளுங்கள். இறைச்சி எங்கே வாங்குகிறார்கள், சட்டி பானை வேறாக இருக்கிறதா, ஸஹருக்கு (நோன்புக்கு விடியுமுன் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு) யார் எழும்புவார். மூன்றாவதற்கு ஒரு ஆளின் பெயர் வரவேண்டும். 'பார்த்துச் செய்வோம்' என்ற பதில் வந்தால் யாரும் எழும்பமாட்டார்கள் என்று அர்த்தம்.

எங்களிடம் ஒரு காலத்தில் ஐந்து முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள். ரமழான் மாதத்தில் சமையல்கார அக்கா இரவே சோறும் கறியும் ஆக்கிச் சூடாறாமல் மூடி வைத்துவிட்டுப் போவா. மூன்றரைக்கு எழுப்புவது என் வேலை. அந்த மாதத்தில் அவர்களுக்குக் காலை முறைவேலை இல்லை, பின்னேரம் செய்வார்கள். வெள்ளிக்கிழமை விடுதி முழுக்க மரக்கறி, கந்தசஷ்டி ஆறு நாளும் விரதக்காரப் பிள்ளைகளுக்குத் தனி உலை, தவக்காலத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இறைச்சி இல்லை. சமையல்கார அக்காவுக்குக் கலண்டர் மனப்பாடம். ஒரு வருடம் ஸஹருக்கு ஆறு பேர் இருந்து சாப்பிடுகிறார்கள். எண்ணிப் பார்த்தால், ஆறாவது ஆள் கொக்கட்டிச்சோலைப் பிள்ளை, சிநேகிதியோடு தானும் நோன்பாம். பகல் பதினொரு மணிக்கு ரொபி தின்றுகொண்டு நின்றாள், அது வேறு கதை.

கேள்வி: நான் இந்த வருடம்தான் பெண்கள் விடுதி வார்டனாகப் பொறுப்பேற்றேன். இரவு 9.30க்கு இரண்டு பக்கக் கிறில் கேற்றையும் பூட்டித் திறப்பை அலுவலகத்தில் மாட்டவேண்டும் என்பது விதி. பெற்றோரும் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதோடு ஒளித்து வைக்கிற போன்களை என்ன செய்வது?
– வார்டன், கல்முனை

பதில்: உங்கள் பயத்தை விடவேண்டாம் தங்கச்சி, அது உங்களுக்குச் சம்பளத்தை விடப் பெரிய சொத்து.

2023 மே மாதம் தென்னமெரிக்காவில் கயானா நாட்டில் மஹ்தியா என்ற ஊரில் ஒரு பள்ளி மாணவிகள் விடுதி இரவில் எரிந்தது. 20 பிள்ளைகள் இறந்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி, கதவுகளுக்குப் பூட்டு. உள்ளே இருந்த விடுதிப் பொறுப்பாளருக்குப் பதற்றத்தில் திறப்பு அகப்படவில்லை. பிள்ளைகள் இரவில் வெளியே போகக்கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அது. தீயை வைத்தது ஒரு மாணவிதான், போனைப் பறித்த கோபம் என்று அங்கே பொலிஸார் சொன்னார்கள். உங்களுடைய இரண்டு கேள்வியும் அந்த ஒரு இரவில் இருக்கிறது.

நம்மூர்க் கதையும் ஒன்று. 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை, சூறாவளி. எனக்குப் பன்னிரண்டு வயது, விடுதியில் இருந்தேன். இரவு ஓடு ஒவ்வொன்றாகப் பறந்தது, பிறகு ஒரேயடியாகப் போனது. விளக்கு இல்லை. எங்கள் மேற்றன் ஒரு சொல்லும் சத்தமாகச் சொல்லவில்லை. சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, இடுப்பில் இருந்த வளையத்தில் மூன்றாவது திறப்பைத் தடவி எடுத்து, இருட்டில் முதல் தடவையிலேயே பூட்டைத் திறந்தா. கொங்கிறீற் தட்டுப் போட்ட வகுப்பறைக்கு எங்களை ஒருத்தியின் சட்டையை ஒருத்தி பிடித்தபடி கொண்டுபோய் மேசைகளுக்குக் கீழே இருத்தினா. விடிய வந்து பார்த்தபோது நான் படுத்த கட்டிலின் மேலே கூரைத் தீராந்தி விழுந்து கிடந்தது.

அதைப் பார்த்து வளர்ந்த நானே பின்னாளில் என்ன செய்தேன் தெரியுமா? மேற்றனாக இருந்தபோது ஒரு இரவு குசினியில் விறகு மூட்டையில் புகை. பெரிதாக ஒன்றுமில்லை, தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். ஆனால் கேற்றுத் திறப்பு என் கைப்பையில், கைப்பை அலுமாரியில், அலுமாரித் திறப்பு தலையணைக்குக் கீழே. நாலு நிமிடம் எடுத்தது. கேற்றில் அறுபது பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆகவே: அலுவலகத்தில் திறப்பு மாட்டுகிற விதியை இந்தக் கிழமையே மாற்றக் கேளுங்கள். வெளியார் உள்ளே வராமல் இருக்கக் காணியின் வெளிக் கேற்றுக்குப் பூட்டுப் போடலாம். பிள்ளைகள் படுக்கிற கட்டடத்துக்கு உள்ளிருந்து கையால் திறக்கிற தாழ்ப்பாள்தான் வேண்டும். இரவில் யாரும் திறந்தால் சத்தம் கேட்க ஒரு மணியைக் கட்டிவிடுங்கள். அது முடிகிற வரைக்கும் திறப்பு உங்கள் உடம்பில், இன்னொன்று மூத்த மாணவத் தலைவியிடம், மூன்றாவது கதவுக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில். கண்ணைக் கட்டிக்கொண்டு திறந்து பழகுங்கள், சிரிக்கவேண்டாம், நான் அப்படித்தான் பழகினேன். ஜன்னல் கம்பியில் ஒவ்வொரு அறைக்கும் ஒன்றாவது திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும். மாநகரசபைத் தீயணைப்புப் பிரிவினரை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்கள். தவணைக்கு ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல், இரவில் எழுப்பி வெளியே கொண்டுவந்து பெயர் கூப்பிடுங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் எல்லாரும் வெளியே வர 11 நிமிடம். மூன்றாவதில் 3.

போன் விசயம். பறிக்கிற போட்டியில் வார்டன் வெல்லவே முடியாது. மைலோ டின்னுக்குள், அரிசிக்குள், சனிட்டரி பக்கெட்டுக்குள் எல்லாம் கண்டிருக்கிறேன். ஒளித்து வைக்கிற போனுக்கு ஒளித்துத்தான் சார்ஜ் போடுவார்கள், மெத்தைக்குக் கீழே, பிய்ந்த வயரில். எனக்கு அதுதான் பயம். சனி ஞாயிறில் ஆளுக்குக் கால் மணித்தியாலம் வீட்டோடு பேச விடுங்கள், உங்கள் காதுக்கு எட்டாத தூரத்தில். பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற வார்டன் இருந்தால் ஒளித்து வைக்கிற போன் கூடும். கொண்டு வந்ததைத் தவணை முடிவில் பெற்றோரிடம் திருப்பிக் கொடுங்கள், உடைக்காதீர்கள், எல்லாருக்கும் முன்னால் படங்களைத் திறந்து பார்க்காதீர்கள்.

கேள்வி: நான் 8ஆம் வகுப்பு. ஒவ்வொரு சனிக்கிழமையும் உயர்தர அக்காமாரின் உடுப்பை நாங்கள்தான் தோய்க்கவேண்டும். மறுத்தால் இரவில் கூப்பிட்டு முழங்காலில் நிற்க வைப்பார்கள். வார்டன் மிஸ்ஸுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறா. சொன்னால் கோள்காரி என்பார்கள்.
– ஊரும் போட வேண்டாம்

பதில்: மகள், உன் கடித உறையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். பெயர் எனக்குக்கூட இனி ஞாபகம் வராது.

அறை கூட்டுவது, சாப்பாட்டு மேசை துடைப்பது, கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் முறைவேலை. சுவரில் பட்டியல் இருக்கும், அதில் உன் பெயரும் வரும், அக்காவின் பெயரும் வரும். அதைச் செய்யத்தான் வேண்டும், முகம் சுளித்தாலும். ஆனால் பட்டியலில் இல்லாத வேலை உன்னுடையது இல்லை. ஒருத்தியின் சட்டையைத் தோய்க்கச் சொல்லி எந்தப் பட்டியலும் எந்தக் காலத்திலும் ஒட்டியதில்லை.

நானும் தோய்த்தவள்தான். 1979 இல் ஒரு அக்காவின் வெள்ளைச் சீருடைக்கு நீலம் போட்டுக் காய வைப்பது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு நான் அக்காவானதும் ஒரு சின்னப் பிள்ளையிடம் என் உடுப்பைக் கொடுத்தேன், கூச்சமே இல்லாமல். இதை வாசிக்கிற உயர்தரப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: "எங்களுக்கும் செய்தவங்க, நாங்களும் செய்வம்" என்பதுதான் உங்கள் நியாயம், எனக்கும் அதுதான் இருந்தது.

நீ தனியாகப் போகவேண்டாம். எட்டாம் வகுப்பில் எத்தனை பேர்? எல்லாரும் சேர்ந்து, முதலில் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிற அம்மாமாரிடம் ஒரே நாளில் சொல்லுங்கள். ஒரு அம்மா வந்து கேட்டால் 'செல்லம் கொடுத்த பிள்ளை' என்பார்கள். ஆறு அம்மாமார் அதிபரின் வாசலில் நின்றால் அன்றைக்கே கூட்டம் வைப்பார்கள். முழங்காலில் நிற்க வைப்பது ஆசிரியருக்கே கூடாது என்று கல்வி அமைச்சு 2016 இலும் சுற்றுநிருபம் அனுப்பியிருக்கிறது. அப்படியிருக்க அக்காமாருக்கு யார் அந்த அதிகாரம் கொடுத்தது? இரவில் கூப்பிடுவது நிற்கவில்லை என்றால், அல்லது யாராவது அடித்தால், தொடக்கூடாத மாதிரித் தொட்டால், அம்மா வருகிற ஞாயிறு வரை காத்திருக்காதே. 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம், காசில்லை. தமிழிலேயே பேசு.

இன்னொன்று. உன் கடிதத்தின் பின்பக்கத்தில் சவர்க்காரக் கணக்கு எழுதிக் கூட்டியிருந்தாய், மாதத்துக்கு ஏழு கட்டி. ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு கட்டி தாராளம். மற்ற ஐந்தும் உன் அம்மாவின் காசில் யாருடைய உடுப்புக்குப் போகிறது என்பதை, ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்ததும், முழங்கால் கதைக்கு முன்னால் முதலில் அதைச் சொல்.